கல்யாணப் பெண்ணும் கரி வடிகட்டியும்

வாங்கிய பொருளோடு வரும் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறவர்கள் நாட்டில் மிகச் சிலர். அவர்களைக் கல்யாணங்களுக்கு அழைக்காமல் இருப்பது நல்லது. அழைத்துவிட்டால் பந்தியில் உட்காரவைத்து அனுப்பிவிட வேண்டும். பொறுப்பு எதையும் கொடுக்கக் கூடாது. நான் அந்தச் சிலரில் ஒருவன். எனக்குக் கொடுத்த பொறுப்பு, மணப்பெண்ணைக் காரில் ஏற்றிவந்து கோயில் வாசலில் இறக்குவது. ஏற்றுவதை நான் குறையில்லாமல் செய்தேன்.

நான் வருவாய்த் துறையில் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். பட்டா மாறுதலுக்கு என்னென்ன இணைக்க வேண்டும், ஜமாபந்தியில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதெல்லாம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். (கேட்காமலே தூக்கத்தில் சொல்லியிருப்பதாக என் மனைவி சலோமி சொல்கிறாள்.) ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது, வீட்டில் எதற்கும் நடைமுறை விதிகள் கிடையாது என்பது. காபி எப்போது வரும் என்பதற்குக்கூட ஓர் அரசாணை இல்லை. அந்த வெறுமையை நிரப்ப ஒரு டீசல் கார் வாங்கினேன். புதிய புகை விதிகளின்படி செய்யப்பட்டது. கூடவே செங்கல் தடிமனில் ஒரு கையேடு. காரை ஓட்டியதைவிடக் கையேட்டைப் படித்த நேரம் அதிகம்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே, முட்டி இடிக்கிற இடத்தில், ஒரு சாக்கெட் ஒளிந்திருப்பதை அந்தக் கையேடுதான் சொல்லிக்கொடுத்தது. வண்டி தன் உடல்நிலையைத் தானே சோதித்து வைத்துக்கொள்ளும். அந்தச் சாக்கெட்டில் ஒரு கருவியைச் செருகினால் சோதித்ததை எல்லாம் ஒப்பிக்கும். தீப்பெட்டி அளவில் அப்படி ஒரு கருவியை வாங்கிச் செருகி, செல்போனில் அதற்கான ஆப்பையும் இறக்கிக்கொண்டேன். அன்றிலிருந்து காரை ஓட்டும்போது நான் ரோட்டைப் பார்ப்பதைவிடப் போனைப் பார்ப்பது அதிகம் என்பது சலோமியின் குற்றச்சாட்டு. அது நிரூபிக்கப்படவில்லை.

இங்கே ஒரு விளக்கக் குறிப்பு தேவைப்படுகிறது. (அவசரக்காரர்கள் தாண்டிப் போகலாம், சலோமி இந்த இடத்தில் எப்போதும் அடுப்படிக்குப் போய்விடுவாள்.)

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்து அலுவலக ஜீப்புக்கு உடம்பு சரியில்லை என்றால் அதுவாகச் சொல்லாது. டிரைவர் ஸ்க்ரூடிரைவர் முனையை எஞ்சினில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்பார். பிறகு முகத்தைச் சுளிப்பார். அந்தச் சுளிப்புதான் அறிக்கை. பின்னால் எஞ்சினுக்கு எரிபொருளை அளந்து விடும் வேலை கம்ப்யூட்டரிடம் போனது. புகை விஷயத்தில் வெளிநாட்டு அரசாங்கங்கள் கெடுபிடி காட்டத் தொடங்கியதும், வண்டி தன் குறையைத் தானே கண்டுபிடித்து ஓட்டுகிறவனிடம் சொல்லியாக வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. ஆரம்ப காலத்து அமைப்புகளுக்குப் பேச வராது. ஒரு விளக்கை மினுக்கும். மூன்று மினுக்கல், சற்று இடைவெளி, இரண்டு மினுக்கல் என்றால் ஒரு கோளாறு. மெக்கானிக் விரல் விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்; நடுவில் யாராவது டீ வேண்டுமா என்று கேட்டால் முதலிலிருந்து எண்ண வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு சாக்கெட், தனக்கென ஒரு பாஷை வைத்திருந்தது. பிறகுதான் எல்லாருக்கும் ஒரே சாக்கெட், ஒரே பாஷை என்று உத்தரவாயிற்று. நம் நாட்டிலும் புகை விதிகள் படிப்படியாக இறுகியபோது இந்த ஏற்பாடும் கூடவே வந்து சேர்ந்தது. இப்போது மோட்டார் சைக்கிளில்கூட இருக்கிறது.

என்னைக் கவர்ந்தது அதன் அலுவலக ஒழுங்கு. ஒரு சென்சார் வழக்கத்துக்கு மாறாக எதையாவது சொன்னால் கம்ப்யூட்டர் பெரும்பாலும் உடனே கூச்சல் போடுவதில்லை, பரிசீலனையில் வைக்கிறது. அடுத்த ஓட்டத்திலும் அதே குறை தெரிந்தால்தான் மஞ்சள் விளக்கை ஏற்றுகிறது. ஓர் ஆங்கில எழுத்தும் அதன் பின்னால் எண்களுமாக ஒரு குறியீட்டைப் பதிவு செய்கிறது. குறை நடந்த அந்த நொடியில் வேகம் எவ்வளவு, சூடு எவ்வளவு, எஞ்சின் எப்படிச் சுற்றிக்கொண்டிருந்தது என்று ஒரு மகஜரும் எழுதி வைத்துக்கொள்கிறது. சாட்சிக் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஆனால் குறியீடு என்பது தீர்ப்பு அல்ல, குற்றச்சாட்டுக் குறிப்பாணை மட்டுமே. காற்றின் அளவு சரியில்லை என்று ஒரு சென்சார் புகார் செய்தால், உடனே சென்சாரைக் கழற்றி எறிவது மடத்தனம். அது உண்மை சொல்லும் சாட்சியாக இருக்கலாம். குற்றவாளி எலி கடித்த ஒரு ரப்பர் குழாயாக இருக்கலாம். விசாரித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இதை எங்கள் தெருவில் கார் வைத்திருக்கும் அனைவருக்கும், கார் இல்லாத சிலருக்கும் விளக்கியிருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த நான் சொந்தக் காரை எப்படி நடத்தினேன் என்பதுதான் கதை.

இந்தக் காலத்து டீசல் வண்டிகளில் புகைபோகும் குழாயின் நடுவே ஒரு வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இருக்கும் அழுத்தத்தை அளந்து, எவ்வளவு அடைத்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். நிறைந்துவிட்டால் கொஞ்சம் கூடுதல் டீசலை விட்டு, குழாயை உலைபோலச் சூடாக்கி, கரியைத் தானே எரித்துச் சாம்பலாக்கிவிடும். அதற்கு ஒரே நிபந்தனை: வண்டி ஒரு சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் நிற்காமல் ஓட வேண்டும். என் கார் போகும் இடங்களோ தஞ்சாவூருக்குள் வீடு, மீன் மார்க்கெட், கருவூலம், ஞாயிற்றுக்கிழமை கோயில். மூன்றாவது கியருக்கு மேல் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கரி சேர்ந்தது. விளக்கு எரிந்தது. வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டிவா என்று கையேடு சொன்னது. உரிய காலத்தில் பரிசீலிக்கலாம் என்று வைத்தேன். எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிந்தது. அப்போதுதான் அந்த ஆப்பில் இருந்த பொத்தான் என் கண்ணில் பட்டது. அழுத்தினால் குறியீடு அழிந்து விளக்கு அணைந்துவிடும்.

அந்தச் சுகத்தை அரசு ஊழியர்களால்தான் உணர முடியும். 'மேல்நடவடிக்கை தேவையில்லை' என்று எழுதிக் கோப்பைக் கட்டி வைப்பது போல. விளக்கு வந்தபோதெல்லாம் அழுத்தினேன். அணைந்தது விளக்கு மட்டும்தான். மகஜரும் அழிந்தது. கரி, இருந்த இடத்தில் வளர்ந்துகொண்டிருந்தது.

இந்த நிலையில் என் தங்கை ரூபியின் மகள் எஸ்தருக்குக் கல்யாணம். எஸ்தரின் அப்பா சில ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவர் இடத்தில் நின்று கைப்பிடித்துக் கோயிலுக்குள் அழைத்துப்போக வேண்டியவன் தாய்மாமனாகிய நான். மாப்பிள்ளை பிரபு, ஒரத்தநாட்டுப் பக்கம் கால்நடை மருத்துவர். அவருடைய அப்பா தேவசகாயம் விவசாயி. தன் தகப்பனார் கூலிக்கு நடவு நட்ட வயல்களை வாங்கித் தன் பெயரில் பயிர் செய்கிறவர். கல்யாணம் அவர்கள் ஊர்க் கோயிலில், ஒரத்தநாடு சாலையை ஒட்டி. (எங்கள் லுத்தரன் குடும்பங்களில் தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த ஊர்க்காரர்கள் ஏற்கெனவே போதிய அளவு சிரித்துவிட்டார்கள்.)

ஒரு விஷயம் இருந்தது. பிரபுவுக்கு முன்பு ஓர் இடத்தில் நிச்சயமாகி, பத்திரிகையும் கொடுத்த பிறகு, பெண் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிரபுவின் குடும்பம் பல நாள் ஊரில் தலைகாட்டவில்லை. அதனால் ரூபி என்னிடம் தனியாக வந்து சொன்னாள்.

"அண்ணே, அவங்க ரொம்ப நொந்து போனவங்க. சின்னதா ஒண்ணு நடந்தாலும் பழசை நினைச்சிடுவாங்க. பொண்ணை நேரத்துக்குக் கொண்டாந்து எறக்கிடுங்க, அது போதும்."

"வாடகைக் கார் பேசிடட்டுமா மாமா?" என்று எஸ்தரும் கேட்டாள்.

"வாடகைக் காரோட நிலைமை யாருக்குத் தெரியும்? என் வண்டியோட ஒவ்வொரு நாடித்துடிப்பும் எனக்குப் போன்லயே தெரியும்" என்றேன். சொன்ன வாக்கியம் உண்மைதான். எனக்குத் தெரிந்திருந்தது.

அன்று காலை பூச்சரம் கட்டிய காரில் எஸ்தரும் சலோமியும் பின்னால் ஏறினார்கள். ரூபி முன்பே கோயிலுக்குப் போய்விட்டாள். தை மாதம், சம்பா அறுவடை. அதற்கு முந்தைய நாட்களில் பருவம் தப்பிய மழை பெய்து, அன்றைக்குத்தான் வெயில் வந்திருந்தது. வெயிலைக் கண்டதும் வழிநெடுக உள்ள ஊர்க்காரர்கள் எல்லாம் ஈர நெல்லைக் கொண்டுவந்து ரோட்டில் பாதியை அடைத்துக் காயப்போட்டுவிட்டார்கள். மீதிப் பாதியில் அறுவடை மெஷின்களும், கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை ஏற்றிய டிராக்டர்களும். நெல்லின் மேல் ஏற்றக் கூடாது என்பது டெல்டாவில் பிறந்த யாருக்கும் விதி. ஊர்ந்தேன். இரண்டாவது கியர், மிஞ்சினால் மூன்று.

கரி விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரத்தில் எஞ்சின் விளக்கும் எரிந்தது. பொத்தானை அழுத்தினேன். அணையவில்லை. மறுபடி அழுத்தினேன். கோப்பு என்னை நிமிர்ந்து பார்த்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி யோசித்துவிட்டுத்தான் போயிற்று. இதற்கு மேலும் அசட்டை செய்தால் எஞ்சின் தன் பலத்தைக் குறைத்துக்கொண்டு நொண்டி நொண்டித்தான் நகரும் என்று கையேடு எச்சரித்திருந்தது. மணப்பெண்ணை டிராக்டரில் ஏற்றி அனுப்புவது என் மனக்கண்ணில் வந்தது.

கோயிலுக்குச் சற்று முன்னால் ரோடு அகன்று காலியாயிற்று. நான்காவது கியர் போட்டேன். சத்தம் மாறியது; மின்விசிறி இரைந்தது; போனில் குழாயின் சூடு விறுவிறுவென்று ஏறியது. கம்ப்யூட்டர் ஒருவழியாகக் கரியை எரிக்க ஆரம்பித்துவிட்டது. எனக்குச் சுகப்பிரசவம் என்ற சேதியைக் கேட்ட மாதிரி இருந்தது. கையேட்டின் அந்தப் பக்கம் கண் முன்னே நின்றது: எரியத் தொடங்கியபின் நடுவில் நிறுத்தாதீர்கள், காய்ந்த புல், வைக்கோல் போன்றவற்றின் மேல் எந்தக் காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள்.

அப்போது கோயில் வந்தது.

மழையில் கோயில் வாசல் சேறாகியிருந்தது. மருமகள் சேலையில் சேறு படக் கூடாது என்று தேவசகாயம் தன் வைக்கோல் போரையே பிரித்து, மழை படாத உள் வைக்கோலாகப் பார்த்துக் கொண்டுவந்து வாசல் முழுவதும் கனமாகப் பரப்பி வைத்திருந்தார். அப்பளம் போலக் காய்ந்த பொன்னிற வைக்கோல். அதன் நடுவே, கார் நிற்க வேண்டிய இடம்வரை சிவப்புக் கம்பளம். என் காரின் அடியிலோ அறுநூறு டிகிரி.

பேண்டு வாத்தியம் ஆரம்பித்தது. பூத்தட்டோடு சிறுமிகள் முன்னே வந்தார்கள். பட்டு வேட்டியில் தேவசகாயம் நடுவில் நின்று, இரண்டு கைகளையும் அகல நீட்டி, இந்தப் பக்கமாக வாருங்கள் என்று வழி காட்டினார். நான் அவரைப் பார்த்தேன். வைக்கோலைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். சீரான வேகத்தில் அவரைத் தாண்டிப் போனேன். அவருடைய கைகள் நீட்டியபடியே காரோடு சேர்ந்து மெல்லத் திரும்பின. ரூபி வாயைத் திறந்தது கண்ணாடியில் தெரிந்தது. பேண்டுக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வாசிப்பதை நிறுத்தினார்கள். தவில்போல ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் தனியாக அடித்துக்கொண்டிருந்தது.

"என்னங்க, கோயில் தாண்டிடுச்சு" என்றாள் சலோமி.

"தெரியும்."

"தெரிஞ்சேதான் போறீங்களா?"

"இப்ப நிறுத்தக் கூடாது. சுத்திகரிப்பு நடக்குது."

"யாருக்கு?"

"வடிகட்டிக்கு. கரி எரியுது. பாதியில விட்டா வண்டி படுத்துடும். அதோட அங்க வைக்கோல் போட்டிருக்காங்க. நிறுத்தினா கோயிலே எரிஞ்சுடும்."

"உங்களைக் கட்டிக்கிட்ட அன்னைக்கு நான் வந்தது மாட்டு வண்டி. அது நின்னுச்சு" என்றாள் சலோமி.

போன் அடித்தது. ரூபி. எடுத்தால் ஆப் மறைந்துவிடும் என்று வெட்டினேன். அடுத்ததாகச் சலோமியின் போன் அடித்தது. அவள் எடுத்து, "ஒண்ணுமில்ல ரூபி, வண்டிக்குள்ள எரியுதாம். எரிஞ்சு முடிஞ்சதும் வந்துடறோம்" என்றாள். சிக்னல் போய்விட்டது. அந்த வாக்கியம் கோயில் வாசலில் என்ன செய்திருக்கும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

எஸ்தரிடமிருந்து சத்தமே வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். தோள் குலுங்க, வாயைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு. கையேடு, கரி, எஞ்சின் எல்லாம் மறந்து காலை பிரேக்குக்குக் கொண்டுபோனேன்.

"நிறுத்தாதீங்க மாமா" என்றாள்.

"இல்லம்மா, தப்புப் பண்ணிட்டேன், திருப்பிடறேன்."

"வேண்டாம் மாமா. போங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "காலையிலேருந்து அப்பா ஞாபகமா இருக்கு. வீட்ல அழுதா அம்மா உடைஞ்சிடுவாங்க. கோயில்ல அழுதா, பொண்ணுக்கு இஷ்டமில்லபோலன்னு அவங்க பயந்துடுவாங்க. எங்க அழறதுன்னே தெரியாம இருந்தேன்." சற்றுப் பொறுத்து, "இன்னும் எவ்வளவு நேரம் எரியும்?" என்றாள்.

"ஒரு பத்து நிமிஷம் ஆகும்மா."

"அது போதும் மாமா."

சலோமி அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அதன்பின் எஸ்தர் கைக்குட்டையை எடுத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். இரண்டு பக்கமும் அறுத்த வயல். தாள்களுக்கு நடுவே மழைத்தண்ணீர் தேங்கி வெயிலில் மின்னியது. வாத்து மேய்க்கிறவர் ஒருவர் பூ கட்டிய காரைப் பார்த்துக் கையாட்டினார். பதிலுக்கு நான் கையாட்டினேன். வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நடுநடுவே எஸ்தர், "எவ்வளவு ஆச்சு மாமா?" என்பாள். "பாதிக்குக் கீழே வந்துடுச்சும்மா" என்பேன். "சரி" என்று மறுபடியும் அழுவாள். என் அலுவலக வாழ்க்கையில் எத்தனையோ அறிக்கைகளை வாசித்திருக்கிறேன். இவ்வளவு கவனமாகக் கேட்டவர்கள் யாரும் இல்லை.

அங்கே கோயிலில் நடந்ததைப் பின்னால் ரூபி சொல்லித் தெரிந்துகொண்டேன். பிரபுவின் அம்மா போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். உறவுக்காரர்கள் இரண்டு கட்சியானார்கள். பெண்ணுக்கு மனம் மாறிவிட்டது என்றது ஒன்று. தாய்மாமனுக்கு மூளை மாறிவிட்டது என்றது மற்றொன்று. ஐயர் பாடகர் குழுவைப் பாடச் சொன்னார். அவர்கள் கல்யாணப் பாட்டுகளை எல்லாம் பாடி முடித்து, கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கு வந்துவிட்டார்கள். (கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி மாலை ஏழு மணிவரை கல்யாணம் நடத்தலாம், ஆகவே சட்டப்படி நாங்கள் தாமதமாகவில்லை. இதை அன்று மாலை ரூபியிடம் விளக்கினேன். அவள் கையில் கேக் வெட்டும் கத்தி இருந்ததால் சுருக்கமாக முடித்துக்கொண்டேன்.) வண்டி எரிகிறது என்ற செய்தி பரவியதும் இளைஞர்கள் பூச்சிமருந்து அடிக்கும் ஸ்பிரேயர்களில் தண்ணீர் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள்களை எடுத்தார்கள். முதல் வண்டியின் பின்னால் கோட்டும் சூட்டுமாக ஏறி உட்கார்ந்தவர் மாப்பிள்ளை.

கரி எரிந்து முடிந்தது. எஞ்சின் சத்தம் தணிந்தது. கரி விளக்கு அணைந்தது. ஓர் அகலமான இடத்தில் திருப்பினேன். (வழியில் ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. அங்கே திருப்பவில்லை; அந்த அளவுக்குக் கையேடு நினைவிருந்தது.) எஸ்தர் முகத்தைத் துடைத்து, சலோமியின் கைக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிரே மோட்டார் சைக்கிள்கள் வந்தன. பிரபு இறங்கி ரோட்டின் நடுவே கையை உயர்த்தி நின்றார். தார் ரோட்டில்தான் நிறுத்தினேன்.

ஸ்பிரேயர் மாட்டிய பையன் காரைச் சுற்றி வந்தான். "எங்க சார் எரியுது?"

"உள்ள."

"உள்ளன்னா?"

"முடிஞ்சுபோச்சுப்பா."

அவனுக்குப் பெரிய ஏமாற்றம். முனையைக் கீழே திருப்பி, வந்ததற்கு ஒரு டயரை மட்டும் நனைத்தான்.

பிரபு நேராகப் பின் ஜன்னல் பக்கம் போனார். எஸ்தரின் சிவந்த கண்களைப் பார்த்தார். குரலை மிகத் தணித்துத்தான் பேசினார். ஆனாலும் முன் இருக்கைக்குக் கேட்டது.

"எஸ்தர், உனக்கு வர விருப்பமில்லன்னா இங்கேயே சொல்லிடு. நான் போய் எல்லார்கிட்டயும் பேசிக்கறேன். உன்மேல யாரும் ஒரு வார்த்தை சொல்லாம பாத்துக்கறேன்."

எஸ்தர் அவரையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள், சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எனக்கு ஒண்ணுமில்லங்க. மாமா வண்டிக்குத்தான் உடம்பு சரியில்ல."

பிரபு காரின் கூரைமேல் கையை ஊன்றிக் கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றார். பிறகு என் பக்கம் வந்தார். நான் அழுத்த வேறுபாடு, சூடு, கையேடு, வைக்கோல் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"எங்க பேஷண்ட் எதுவும் வாயத் தொறந்து சொல்லாது மாமா. மூக்கு காஞ்சிருக்கா, அசை போடுதான்னு நாமளா பாத்துக் கண்டுபிடிக்கணும். உங்க வண்டி சொல்லுது, நீங்க கேட்டிருக்கீங்க. ஆனா கொஞ்சம் லேட்டாக் கேட்டிருக்கீங்க."

இப்படி ஒரு மருமகன் கிடைத்ததற்காக அந்த நிமிடமே, கார் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே, கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

கோயிலுக்கு முன்னால் ஊரே ரோட்டில் நின்றது. இந்த முறை வாசலுக்குள் திருப்பாமல் ரோட்டோரமாக நிறுத்தினேன். தேவசகாயம் வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபமல்ல, குழப்பம். நான் மறுபடியும் அழுத்த வேறுபாட்டிலிருந்து ஆரம்பித்தேன். கூட்டம் முழுவதும் கேட்டது. ஐயரும் கேட்டார். முடித்தேன்.

தேவசகாயம் யோசித்தார். "வைக்கோல் மேல நிறுத்தக் கூடாது. சரிங்க சார். எஞ்சினை அணைக்கக் கூடாது. அதுவும் சரி. ரோட்ல ஒரு நிமிஷம் நின்னு பொண்ணை எறக்கி விட்டுட்டு, நீங்க மட்டும் வண்டியை ஓட்டிட்டுப் போயிருக்கலாமே?"

நான் கையேட்டின் எல்லாப் பக்கங்களையும் மனத்துக்குள் புரட்டினேன். ஓட்டுநரைத் தவிர மற்றவர்கள் இறங்கக் கூடாது என்று எங்கும் போடவில்லை. எத்தனையோ பேருடைய மனுக்களை ஒரே கேள்வியில் தள்ளுபடி செய்தவன் நான்; அது எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"நான்தான் மாமா, நிறுத்தாதீங்கன்னு சொன்னேன்" என்றாள் எஸ்தர் தேவசகாயத்திடம், காரிலிருந்து இறங்கியபடியே.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்திருந்த பிரபுவின் அம்மா முன்னால் வந்து, எஸ்தரின் தாடையைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார்.

"அழுதியா?"

"ஆமாங்க அத்தை. அப்பா ஞாபகம் வந்துடுச்சு. இங்க வந்து அழுதா நீங்க வேற மாதிரி நினைச்சுக்குவீங்களோன்னு..."

அந்த அம்மாள் அவளை முடிக்க விடவில்லை. தன் பட்டுச் சேலையின் தலைப்பாலேயே அவள் கன்னத்தை ஒற்றி எடுத்தார். "நல்ல பொண்ணும்மா நீ. அப்பாவுக்கு அழாம யாருக்கு அழுவ? வா." கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்களும் வாங்க சார். நடந்தே வாங்க" என்றார்.

வைக்கோல் மேல், சிவப்புக் கம்பளத்தில், எஸ்தரின் கைப்பிடித்து உள்ளே போனேன். ஐயர் தயாரித்து வைத்திருந்த பிரசங்கத்தைக் கைவிட்டு, நெருப்பிலே புடமிடப்படுவதைப் பற்றி உருக்கமாகப் பேசினார். எல்லாரும் பிரசங்க பீடத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் மெக்கானிக்கிடம் காட்டினேன். குறை ஒன்றுமில்லை, வாரம் ஒரு தடவை நீளமாக ஓட்டிவிட்டு வாருங்கள், போதும் என்றார். எங்கே ஓட்டுவது? ஒரத்தநாட்டுக்கு ஓட்டுகிறேன். சனிக்கிழமைதோறும் எஸ்தர் வீட்டில் மதியச் சாப்பாடு. அழிக்கும் பொத்தானை அதன்பின் தொடவில்லை. எஸ்தரின் மாமியாருக்கு நான் சாப்பிடும் அளவு தெரிந்துவிட்டது. சுறாப் புட்டு எனக்காகவே செய்கிறார். என் கார் தெருமுனையில் திரும்பியதும் தேவசகாயம் வீட்டைவிட்டு வெளியே வந்து, நேராகப் போங்கள், நேராகப் போங்கள் என்று கை காட்டுவார். வாரந்தோறும் காட்டுகிறார். வாரந்தோறும் எல்லாரும் சிரிக்கிறார்கள். அந்த வடிகட்டி மட்டும் இல்லையென்றால் தஞ்சாவூரில் டிவி பார்த்தபடி ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம் என்று சலோமியே ஒருமுறை சொன்னாள். உடனே, நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் சொன்னாள்.

கல்யாண வீடியோ ஒன்று உண்டு. குடும்பத்தில் யார் கூடினாலும் போடுகிறார்கள். பூ கட்டிய கார் வருகிறது. தேவசகாயத்தின் கைகள் திரும்புகின்றன. கார் போய்விடுகிறது. வீடியோக்காரர் திகைப்பில் கேமராவை அணைக்க மறந்துவிட்டார். அதற்குப் பிறகு படத்தில் இருப்பது காலி ரோடு மட்டும். ஒரு நாய் குறுக்கே போகிறது. ஒரு டிராக்டர் போகிறது. ஸ்பிரேயர் மாட்டியவர்களின் மோட்டார் சைக்கிள்கள் போகின்றன. இந்த இடத்தில்தான் பார்க்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். கிண்டலெல்லாம் முடிந்து, இதை வேகமாக ஓட்டிவிடலாம் என்று யாராவது ரிமோட்டை எடுப்பார்கள்.

எஸ்தர் கொடுக்க மாட்டாள். ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, அந்தக் காலி ரோட்டை முழுவதும் பார்ப்பாள். பிரபுவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். தூரத்தில் ஒரு புள்ளியாகக் கார் திரும்பி வரும்போதுதான் என்னைப் பார்த்து, "வந்துட்டோம் மாமா" என்பாள்.